முசே சுப்ராயனின் ஆறு மணிப் பரேடு

எங்கள் வீட்டு ஓனர் சுப்ராயன் பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவர். தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். வெள்ளைக்காரத் துரைகளை அழைத்த சொல் இப்போது பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. "எந்தச் சண்டையில இருந்தீங்க முசே?" என்று யாராவது கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு கடல் பக்கம் பார்ப்பார். கேட்டவர் தானாகவே ஒரு பெரிய போரைக் கற்பனை செய்துகொண்டு போய்விடுவார். அவர் மனைவி குஞ்சம்மாளிடம் கேட்டால்தான் உண்மை வரும்.

"சண்டையாவது ஒண்ணாவது. ஸ்டோர்ல போர்வை எண்ணிக்கிட்டு இருந்தாரு."

அவர்கள் வீட்டு மாடியில் நான் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். பெயர் கார்குழலி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீஸில் கிளார்க் வேலை. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் முசே வாயைத் திறந்தாலே நாலு பட்டாளத்துக்கு உத்தரவு போடுகிற குரல்தான் வரும். அவர் பேசுவதைக் கேட்காமலிருக்க வேண்டுமானால் நான் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே தவளக்குப்பம் பக்கம் போக வேண்டியதுதான்.

ராணுவத்தை விட்டு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ராணுவம்தான் அவரை விடவில்லை. செருப்புகள் வாசலில் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கொடியில் துணி உயரவாரியாகக் காய வேண்டும். எழுபத்தோரு வயதில் அந்த வீட்டில் அவர் சொன்னபடி கேட்பவை இந்தச் செருப்பும் துணியும் மட்டும்தான். குஞ்சம்மாள் கேட்க மாட்டாள். முதலியார்பேட்டை மில் தொழிலாளியின் மகள் அவள், சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் சாப்பிட்ட வீட்டில் பிறந்தவள். இன்னொருத்தர் ஊதுவதற்கெல்லாம் ஆடுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்திருப்பாள் போலிருக்கிறது. புருஷனோடு தூலூஸ் நகரத்தில் ஒன்பது வருடம் இருந்தும் மூன்றே மூன்று பிரெஞ்சு வார்த்தைதான் கற்றுக்கொண்டு வந்தாள். வணக்கத்துக்கு போன்ழூர், நன்றிக்கு மெர்சி, முடியாது என்பதற்கு நோன். முதல் இரண்டையும் அங்கேயே செலவழித்துவிட்டாள். மூன்றாவதை மட்டும் வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகச் சர்க்கரை. ஆளுக்கொரு மாத்திரை, எப்போதாவது கிளினிக்கில் ஒரு டெஸ்ட் என்று சண்டை சச்சரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பிரான்சிலிருந்து மகள் அனைஸ் வந்தாள். பெற்றோர் மேல் பாசம் உள்ள பெண். ஊருக்குத் திரும்பும்போது நாலு பாட்டில் ஆப்ரிகாட் ஜாமையும், வீட்டிலேயே சுகர் பார்க்கும் மிஷின் ஒன்றையும் விட்டுப்போனாள். ஜாமையும் மிஷினையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்ததோடு சரி.

ஜனவரி முதல் தேதி காலையில் பரேடு ஆரம்பித்தது. அதை நான் தினமும் பார்ப்பேன். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, ஐந்தரைக்கே இறங்கி வந்து நான்தான் போட வேண்டும்.

ஐந்தரைக்கு ரொட்டிக்காரர் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். குஞ்சம்மாள் நீட்டு ரொட்டி ஒன்று வாங்கி, நெடுக்கில் பிளந்து, வெண்ணெயும் ஜாமும் தடவி வைப்பாள். இதற்கு தர்த்தீன் என்று பெயர். தர்த்தீன் இல்லாமல் முசேவுக்குப் பொழுது விடியாது. ஜாமை ஸ்பூனின் முதுகால் தடவுவாள். ஓரத்தில் வழிவதை விரலால் இழுத்து உள்ளே தள்ளுவாள். பிறகு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்காருவாள். நக்கிப் பார்க்க மாட்டாள். இதை நான் அடித்துச் சொல்வேன். ஆனால் அடித்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரியாக ஆறு மணிக்கு முசே தன் விரலை நீட்டுவார். குத்துவதற்கு முன்னால் விரலைச் சுத்தம் செய்ய வேண்டுமல்லவா? அதற்கு ஓதெகொலோன். நாமெல்லாம் ஓடிகோலன் என்று சொல்லும் அதே சென்ட்தான். பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரலை அதில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்டக் குத்துவார். ரத்தம் சட்டென்று வராவிட்டால் எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி விரலைப் பிழிவார். ரத்தத்தைத் தொட்டு மிஷினில் பார்க்கும் ஸ்ட்ரிப்புகள் வந்த டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கிறதென்று, எல்லாவற்றையும் ஒரு பழைய பெப்பர்மிண்ட் தகர டப்பாவில் கொட்டி, எடுக்க வசதியாக ஜன்னலோரம் திறந்தே வைத்திருந்தார். கடற்காற்று அதன்மேல் இருபத்துநாலு மணி நேரமும் வீசும். ஆனாலும் சுத்தம், ஒழுங்கு என்று வந்தால் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

"நூத்தி எட்டு!" என்று அறிவிப்பார்.

அடுத்தது குஞ்சம்மாள். அவளுக்கு ஓதெகொலோன் கிடையாது. அந்த வாசனை பட்டால் அவளுக்குத் தலைவலி வரும். முந்தானையில் துடைத்த விரலை அப்படியே நீட்டுவாள்.

"எரநூத்தி நாப்பத்தி ஆறு!"

கட்டம் போட்ட பிரெஞ்சு நோட்டு ஒன்றில், அவருடையதை நீல மையிலும் அவளுடையதைச் சிவப்பு மையிலும் எழுதுவார். அவரே போட்ட சட்டம் ஒன்று உண்டு. நூற்று முப்பதுக்குக் கீழே இருந்தால் தர்த்தீன், மேலே போனால் சர்க்கரை போடாத கேழ்வரகுக் கூழ். சட்டம் எல்லாருக்கும் பொது என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பொதுச் சட்டப்படி மூன்று மாதமும் அவர் தர்த்தீன் தின்றார், குஞ்சம்மாள் கூழ் குடித்தாள்.

"ராத்திரி என்ன தின்ன, குஞ்சம்மா?"

"நீங்க குடுத்த ரெண்டு இட்லிதான்."

"அப்ப இது எங்கேருந்து வந்துது?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒண்ணும் திங்கல."

"மிஷின் பொய் சொல்லுமா?"

முசே நடவடிக்கையில் இறங்கினார். சர்க்கரை டப்பாவும் வெல்லமும் இரும்பு பீரோவுக்குள் போயின. ஜாம் பாட்டில்களும் போயின. காலையில் தர்த்தீன் தடவ மட்டும் ஒரு பாட்டில் ஜாமீனில் வெளியே வரும், தடவி முடிந்ததும் திரும்பிப் போய்விடும். தலையணைக்கு அடியில் சோதனை, அரிசிப் பானைக்குள் சோதனை. ஒரு நாள் சாமி படத்துக்குப் பின்னால்கூடத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவளுடைய கைதேர்ந்த திருட்டுக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அனைஸ் போனில் வருவாள். முசே நோட்டை கேமராவுக்கு நேராகப் பிடித்துச் சிவப்பு எண்களை வாசிப்பார். அந்தப் பெண் பதறிப்போய், பிரெஞ்சுப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுவது போல, "மாமான், நீ ஏன் இப்டி பண்ற? உனக்கு எங்க மேல ஆசையே இல்லையா?" என்று அம்மாவைக் கேட்பாள். குஞ்சம்மாள் போனைப் பார்த்து, "நான் திங்கலடி" என்பாள். மகள் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து அவள் முகத்தில் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடமும் நோட்டுதான் போனது. லேப் டெஸ்ட் ஒன்று எடுத்துக்கொண்டு வரச் சொன்னாராம். "எதுக்கு டாக்டர்? தெனம் ஆறு மணிக்கு நானே பாக்குறேன்" என்று முசே நோட்டை விரித்திருக்கிறார். அடித்தல் திருத்தல் இல்லாத அந்த எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் கை கூப்பத் தோன்றும். அந்த டாக்டரும் மனுஷர்தானே. குஞ்சம்மாளுக்கு மாத்திரையைக் கூட்டினார். மாசியில் இன்னொரு தடவை கூட்டினார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நானும் மிஷினைத்தான் நம்பினேன். பொங்கலன்றைக்கு முசே வீட்டுக்கு இரண்டு பொங்கலும் கொடுத்தேன். குஞ்சம்மாள் மாடிப்படிக்கு வந்து, "குழலி, சக்கரைப் பொங்கல் வாசனை நல்லா வருதே" என்று சிரித்தபோது, "உங்களுக்கு வெண்பொங்கல்தாம்மா" என்று கறாராகச் சொன்னேன். நல்லது செய்கிற மிதப்பு வேறு எனக்கு. அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

பங்குனி பிறந்தபோது குஞ்சம்மாள் பாதியாகியிருந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. படி ஏறினால் கை நடுங்கியது. பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, என்ன சொல்ல வந்தோம் என்று யோசித்தாள். "சுகர் ஏறினா இப்டித்தான் ஒடம்ப உருக்கும்" என்றார் முசே. அவர் முகத்திலும் கவலை இருந்தது, அதை மறைக்க முடியாது. அவளை இழந்துவிடுவோமோ என்று மனிதர் உண்மையாகவே பயந்தார். பயத்தில் இன்னும் சத்தமாகத் திட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் அவளும் வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் வாங்கப் போனோம். எப்போதும் வாங்கும் சின்னப்பாப்பாவிடம் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே குஞ்சம்மாளின் நெற்றியிலிருந்து வியர்வை அருவியாகக் கொட்டியது. நாக்கு குழறியது. கையிலிருந்த பை நழுவியது. நான் பிடிப்பதற்குள் படகு ஓரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

சின்னப்பாப்பா மீன் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். "சக்கர எறங்கிடுச்சும்மா இதுக்கு. எம் புருசனுக்கு இப்டித்தான் வரும்."

"இல்லக்கா, இவங்களுக்கு ஏத்தம். முந்நூறு வரைக்கும் போவுது" என்றேன் நான். மயங்கிக் கிடப்பவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படித்த திமிரில் மீன்காரியோடு வாதம் செய்தேன்.

"ஏத்தமோ எறக்கமோ, மொதல்ல தொண்டையில எதனா போவட்டும்" என்று சொல்லி, யாரோ குடிக்க வைத்திருந்த டீயில் அள்ளிச் சர்க்கரை போட்டு அவள் வாயில் ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி அவள் கையிலும் புடவையிலும் வழிந்தது. பத்து நிமிடத்தில் குஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெத்திலி என்ன வெல சொன்ன?" என்று கேட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் முசே பதறி ஓடிவந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். உடனே மிஷினை எடுத்தார். டீ வழிந்து காய்ந்த விரலைக் குத்தினார். முந்நூற்றுப் பதினெட்டு.

அவர் முகம் மாறியது. "எங்க வாங்கித் தின்ன? கடக்கரையிலயா?"

"டீதாங்க குடுத்தாங்க, மயங்கி விழுந்த பொறவு" என்றாள் அவள்.

"பாதி டீக்கு முந்நூறா? நாப்பத்தாறு வருசம் என்கூட இருந்துட்டு எங்கிட்டயே திருட்டுத்தனமா, குஞ்சம்மா?" மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "மத்தியான மாத்திரைய இப்பவே போடு. ஒண்ணுக்கு ரெண்டா போடு. குழலி, தண்ணி எடுத்தா."

தண்ணீர்ச் சொம்பை எடுத்து வந்தது நான்தான்.

குஞ்சம்மாள் மாத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முசேவைப் பார்த்து, "நோன்" என்றாள்.

"மிஷின் சொல்லுது!"

"மிஷினா நானான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

முசே கையிலிருந்த மிஷினைப் பார்த்தார். "மிஷின்" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க மாத்திரையும் போடவில்லை, அவரோடு பேசவும் இல்லை. மில்லில் வேலைநிறுத்தம் செய்த அப்பாவின் ரத்தம் அறுபத்தாறு வயதில் விழித்துக்கொண்டது.

மறுநாள் நான் ஐந்தேகாலுக்கே இறங்கிவிட்டேன். தூக்கம் வரவில்லை. ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ரொட்டியை முசே கையில் கொடுத்துவிட்டுப் போனார். சமையலறையில் குஞ்சம்மாள் இல்லை. அடுப்படி வேலைநிறுத்தத்தில் கிடைத்த ஓய்வில் சோப்புப் போட்டுக் குளித்து, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். முசே முதல் முறையாகத் தன் தர்த்தீனைத் தானே தயாரித்தார். போர்வை மடித்த கைக்கு ரொட்டி பிளக்க வரவில்லை. ஜாம் ரொட்டியில் கொஞ்சமும், கையில் மீதியுமாக இருந்தது. கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. அவசரத்தில் பக்கத்திலிருந்த அவள் விரலை முதலில் குத்தினார்.

எண்பத்தொன்று.

மிஷினை உதறினார். இன்னொரு ஸ்ட்ரிப் போட்டார். எண்பத்துநாலு.

"மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார் உடனே.

மூன்று மாதமாக அரிச்சந்திரனாக இருந்த மிஷின், அவளுக்கு நல்ல எண் காட்டிய அதே நிமிடத்தில் பொய்யனாகிவிட்டது. அவர் சரிபார்ப்பதற்காகத் தன் விரலை ஓதெகொலோனில் முக்கினார். குத்தினார். பிழிந்தார்.

முந்நூற்று நாற்பத்தேழு.

"நான் ஒண்ணும் திங்கல!" என்று கத்தினார்.

வாய் திறந்தபடியே நின்றார். தொண்ணூறு நாளாக அந்த நாற்காலியிலிருந்து வந்துகொண்டிருந்த அதே சொற்கள் இப்போது தன் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டுவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முசேவுக்கு அது ஒரே நொடியில் தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"குழலி, நீ பாத்துக்கிட்டுதானே இருந்த? வாயிலயே வெக்கல! சத்தியமா வெக்கல!"

குஞ்சம்மாள் தலைத்துண்டை அவிழ்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"மிஷின் பொய் சொல்லுமா?"

நான் என் கல்லூரித் தோழியின் தங்கை கவிநிலாவுக்குப் போன் போட்டேன். லேப்பில் வேலை, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பாள். ஆறே முக்காலுக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இரண்டு பேர் கையிலும் நரம்பில் ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்துவிட்டு, "எப்டிப் பாத்தீங்க, ஒரு தடவ செஞ்சு காட்டுங்க தாத்தா" என்றாள்.

தாத்தா என்றதில் முசேவுக்குக் கொஞ்சம் வருத்தம். இருந்தாலும் பரேடு என்றால் விடுவாரா? மூடியில் ஓதெகொலோன் ஊற்றினார்.

"என்ன தாத்தா இது, கல்யாணத்துக்கா கெளம்புறீங்க?" என்றாள் கவிநிலா. "விரலை மோந்து பாருங்க. சென்ட் வாசனைக்கு உள்ள ஜாம் வாசனை வருதா இல்லையா?"

வந்தது.

"சென்ட் ஊத்துனா சக்கரை போவாது. சோப்பு, தண்ணி, நல்லா தொடைச்ச கை. இது மூணும்தான் வேணும். பிசுக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும், ஒரு சொட்டு ரத்தத்துல அது போய்க் கலந்தா மிஷின் ஜாமையும் சேத்துதான் அளக்கும். அதுக்கு எது ஜாம், எது நீங்கன்னு தெரியுமா?"

அவரைக் குழாயடிக்கு அனுப்பிக் கை கழுவ வைத்தாள். ஈரம் போகத் துடைக்கச் சொன்னாள். பெப்பர்மிண்ட் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு அப்படியே குப்பையில் கொட்டினாள். "காத்து பட்ட ஸ்ட்ரிப்ப நம்புறதும் ஒண்ணுதான், கிளி ஜோசியம் பாக்குறதும் ஒண்ணுதான்." தன் பையிலிருந்து அந்த மிஷினுக்கான புது டப்பாவைப் பிரித்து, விரலைப் பிழியாமல், ஓரத்தில் தானாக வந்த சொட்டில் பார்த்தாள்.

இருநூற்று மூன்று.

"எனக்குத் தெனம் நூத்தி எட்டுதாம்மா வரும்" என்றார் முசே. குரலில் பட்டாளம் இல்லை.

"ஈரத்தோட குத்துனீங்க, பிழிஞ்சீங்க. ரத்தம் நீர்த்துப்போயி எண்ணு கொறஞ்சு வரும். பால்ல தண்ணி ஊத்துன மாதிரி. சரி, ஜாம் உங்க கையில இன்னிக்கு எப்டி வந்துது?"

"இன்னிக்குத்தான் நானே தடவினேன்."

"மத்த நாள்ல யாரு தடவுறது?"

முசே குஞ்சம்மாளின் விரலைப் பார்த்தார். அவர் தின்பதற்கு அவள் தடவிய ஜாம், அவள் விரலில் தங்கி, அவள் பெயரில் சிவப்பு மையில் ஏறியிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கவிநிலா மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. நேற்றைக்கு நடந்ததை நான் சொன்னேன், சொம்பு உட்பட.

"அம்மா அந்த ரெண்டு மாத்திரையப் போட்டிருந்தா அக்கா, இன்னிக்கு நான் இங்க வந்திருக்க வேண்டியதில்ல" என்றாள். "டாக்டர் சொல்ற வரைக்கும் இத தொடாதீங்க. எதுக்கும் மூணு மாசச் சராசரி டெஸ்டும் சேத்தே போடுறேன். அதுக்கு விரலும் தேவையில்ல, நோட்டும் தேவையில்ல. போன மூணு மாசம் ஒடம்புல சக்கரை எப்டி இருந்துதுன்னு ரத்தமே சொல்லிடும்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிசல்ட் என் போனுக்கு வந்தது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே படித்தேன். மூன்று மாதச் சராசரியில் முசேவுக்கு ஒன்பது புள்ளி இரண்டு. சர்க்கரை தாண்டவமாடுகிறது என்று அர்த்தம். குஞ்சம்மாளுக்கு ஐந்து புள்ளி ஐந்து. சர்க்கரையே இல்லாதவர்களுக்கு வருகிற எண் அது. மூன்று மாதமும் பட்டினி கிடந்து, தேவையில்லாத மாத்திரையையும் விழுங்கினால் வேறெப்படி வரும்? அன்றைக்கே டாக்டரைப் பார்த்தோம். தாள்களை இரண்டு முறை படித்துவிட்டு, அவளுக்கு மாத்திரையைப் பழைய அளவுக்கும் கீழே இறக்கினார். முசேவுக்கு இன்னொன்று சேர்த்தார். "அப்பவே லேப்ல எடுக்கச் சொல்லிப் பிடிவாதமா நின்னிருக்கணும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் முசே அனைஸுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று அவள் அங்கே பயந்துவிட்டாள்.

"பயப்படாத. ஒண்ணு சொல்லணும்" என்றார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "உங்கம்மா ஒண்ணும் திருடித் திங்கல. ஒரு நாளும் திங்கல. எனக்குத்தான் சுகர் ஏறிக் கெடக்குது. நான்தான் தப்பா பாத்துட்டு, தப்பா எழுதிட்டு, உங்கிட்டயும் தப்பா சொன்னேன். நீ அவகிட்ட மன்னிப்பு கேளு. நான் இன்னும் கேக்கல. எப்டிக் கேக்குறதுன்னு தெரியல."

"கேட்டாச்சு, விடுங்க. காது கேக்குது எனக்கு" என்றாள் குஞ்சம்மாள் நாற்காலியிலிருந்து. நான் கொண்டுவந்து கொடுத்த உப்புமாவைத் தின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் தட்டு.

முசே போனைத் துண்டிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"தெனம் பசியோட கெடந்த. தெனம் திட்டு வாங்குன. தர்த்தீன் உன் கையில இருந்துது, ஜாம் உன் கையில இருந்துது. நான்தான் எப்டியும் உன்ன நம்பலியே, குஞ்சம்மா. ஒரு நாள், ஒரு வாயி, எடுத்துத் தின்னிருக்கலாம் இல்ல?"

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"தின்னிருந்தா நீங்க சொன்னது நெஜமாப் போயிருக்குமே."

போனில் அனைஸ் அழுவது எங்களுக்குக் கேட்டது. முசே சத்தமில்லாமல் அழுதது அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.